எழுபது வருடம் என்று ஏன் சொல்லவில்லை?

ஒவ்வொரு டிசம்பர் 31 இரவும் எங்கள் சபையில் ஒரு தட்டு வரும். அதில் சின்னச் சின்ன அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். எடுத்த அட்டையில் எந்த வசனம் இருக்கிறதோ அதுதான் வரும் வருடத்துக்குக் கர்த்தர் நமக்குக் கொடுக்கும் வாக்குத்தத்தம். தமிழ்ச் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சென்னையிலும் இதுதான், சிம்பாங் பூலாயிலும் இதுதான்.

2016ஆம் ஆண்டின் கடைசி இரவில் நானும் என் நண்பனும் அடுத்தடுத்து எடுத்தோம். அப்போதுதான் எஸ்.டி.பி.எம். தேர்வு எழுதி முடித்திருந்தோம். எனக்கு என்ன வசனம் வந்தது என்று இப்போது நினைவில் இல்லை. அவனுக்கு வந்தது எரேமியா 29:11. கிறிஸ்தவ இளைஞர்களிடம் எதிர்காலம் பற்றிப் பேசும் எல்லோரும் கையில் எடுக்கும் வசனம் அது. உங்களைக் குறித்து நான் வைத்திருக்கும் எண்ணங்கள் தீமைக்கு அல்ல, சமாதானத்துக்கே என்று கடவுள் சொல்லும் இடம். குவளையில், டி-சட்டையில், காலண்டரில், பட்டமளிப்பு வாழ்த்து அட்டையில் எல்லாம் பார்த்திருப்பீர்கள். அட்டையைப் பார்த்த அக்கா ஒருவர், "ஐயோ தம்பி, உனக்கு யுனிவர்சிட்டி கன்ஃபர்ம்" என்று அவன் முதுகில் தட்டினார்.

2017இல் பொதுப் பல்கலைக்கழக முடிவு வந்தது. பொறியியலுக்கு விண்ணப்பித்திருந்தோம். இரண்டு பேருக்கும் கிடைக்கவில்லை.

அந்த ஞாயிறு வாலிபர் கூட்டத்தில் எங்களை முன்னால் கூப்பிட்டு ஜெபித்தார்கள். "கர்த்தர் ஒரு கதவ அடைச்சா இன்னொரு கதவத் திறப்பாரு, அவர நம்பி விட்டுடுங்க தம்பிகளா" என்றார் நடத்துபவர். மூன்று நாள் உபவாசம் என்று முடிவானது. உண்மையான அன்போடுதான் செய்தார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மேல்முறையீட்டுக்கு இருந்தது சில நாள்கள்தான். அந்த மண்டபத்தில் இருந்த நாற்பது பேரில் ஒருவர்கூட, "அப்பீல் ஃபார்ம் போட்டாச்சா?" என்று கேட்கவில்லை.

கேட்டவர் எங்கள் ஆறாம் படிவ ஆசிரியை. நெற்றி நிறையத் திருநீறு வைப்பவர். போன் செய்தார். "ஜெபம் பண்ணிக்கிட்டு இருக்கோம் டீச்சர்" என்றேன். "பண்ணுப்பா, வேணாங்கல. நாளைக்குக் காலைல ரிசல்ட் ஸ்லிப்பும் அடையாள அட்டையும் எடுத்துக்கிட்டு வா. அவனையும் கூட்டிக்கிட்டு வா" என்றார். நான் போனேன். அவர் இரண்டு மணி நேரம் என் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லோரும் முட்டி மோதும் துறைகளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, போட்டி குறைவான துறைகளை வரிசைப்படுத்திக் கொடுத்தார். நண்பன் வரவில்லை. "நான் கர்த்தர்கிட்ட விட்டுட்டேன்டா. விட்டதுக்கு அப்புறம் நாமளே உள்ள பூந்து கெடுக்கக் கூடாது" என்றான். இரண்டு பேருக்கும் மதிப்பெண்ணில் பெரிய வித்தியாசம் கிடையாது.

எனக்கு இடம் கிடைத்தது. இப்போது சுண்ணாம்புக்கல் அரைக்கும் ஆலை ஒன்றில் பராமரிப்புப் பொறியாளன். அவன் அதே ஆலைக்கு வாரத்துக்கு இரண்டு மூன்று முறை லாரி ஓட்டி வருகிறான். லாரி ஓட்டுவது கேவலமில்லை. என்னைவிட அதிகம் சம்பாதிக்கும் மாதங்களும் அவனுக்கு உண்டு. ஆனால் அவன் ஆசைப்பட்டது அது இல்லை. அவனிடம் சொல்லிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை, அதிலும் முக்கியமாக என்னை. இடம் கிடைத்த வாரம் சபையில் சாட்சி சொல்லச் சொன்னார்கள். மேடையேறி, அடைத்த கதவைக் கர்த்தர் திறந்தார் என்று சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். டீச்சரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டாவது வரிசையில் அவனும் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தான்.

சில மாதங்களுக்கு முன் எடைமேடையில் லாரி வரிசை நீண்டு நின்றது. இறங்கி வந்தவன் சாதாரணமாகக் கேட்டான்: "அந்த அதிகாரத்த முழுசா படிச்சுப் பாத்தியாடா? அந்த வசனத்துக்கு முந்தின வசனத்துலயே எழுபது வருஷம்னு இருக்கு. என் அட்டையில ஏன் அத போடல?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்காக.

*

அது ஒரு கடிதம். கி.மு. 597இல் பாபிலோனிய அரசன் நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து அரசன் எகொனியாவையும் பிரபுக்களையும் கைவினைஞர்களையும் கொல்லர்களையும் பிடித்துக்கொண்டு போனான். போனவர்களுக்கு எரேமியா எழுதி அனுப்பியதுதான் 29ஆம் அதிகாரம். அதில் என்ன இருக்கிறது? வீடு கட்டுங்கள், குடியிருங்கள். தோட்டம் போடுங்கள், அதன் பலனைச் சாப்பிடுங்கள். கல்யாணம் செய்யுங்கள், பிள்ளை பெறுங்கள், பிள்ளைகளுக்கும் கல்யாணம் செய்து வையுங்கள். உங்களைச் சிறைபிடித்த அந்த ஊரின் நலனையே தேடுங்கள், ஏனென்றால் அதற்கு நல்லது நடந்தால்தான் உங்களுக்கும் நல்லது. இப்போதைக்கு யாரும் திரும்பி வரப்போவதில்லை. எழுபது வருடம் ஆகும். அதற்குப் பிறகுதான் அட்டையில் அச்சடிக்கும் வசனம் வருகிறது.

கணக்குப் போடுங்கள். அந்தக் கடிதத்தைக் கேட்டபோது இருபது வயதிலிருந்த ஓர் இளைஞன் எழுபது வருடம் கழித்துத் தொண்ணூறு வயதுக் கிழவன், உயிரோடு இருந்தால். அந்த வாக்குத்தத்தம் அவனுடைய வேலை, அவனுடைய வீசா, அவனுடைய கல்யாணம் பற்றியது இல்லை. அவனுடைய பேரப்பிள்ளைகளைப் பற்றியது.

"அது கடவுள் எனக்குத் தனிப்பட்ட முறையில் சொல்வது" என்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஆங்கில பைபிள் வாசிப்பவர்களுக்காவது ஒரு சாக்கு உண்டு. அவர்கள் மொழியில் ஒருவருக்கும் பலருக்கும் ஒரே சொல்தான். நமக்கு அந்தச் சாக்கு கிடையாது. நம் பைபிளில் அந்த வசனம் 'உங்கள்' என்றுதான் இருக்கிறது. மரியாதைப் பன்மை என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. நம் பழைய மொழிபெயர்ப்பில் கடவுள் மரியாதைக்காக யாரையும் 'நீங்கள்' என்று அழைப்பதில்லை. ஆபிரகாமும் 'நீ'தான், மோசேயும் 'நீ'தான், எரேமியாவே 'நீ'தான். கடவுள் 'உங்கள்' என்றால் அங்கே கூட்டம் இருக்கிறது என்று அர்த்தம். ஒரு சமூகத்துக்கு வந்த கடிதத்தைக் கத்தரித்து ஆளுக்கொரு துண்டாக நீட்டுகிறோம். அதிர்ஷ்டச் சீட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

அதே புத்தகத்தில் முந்தைய அதிகாரத்தில் இன்னொருவர் வருகிறார். அனனியா. அவரும் கடவுள் பெயரால்தான் பேசுகிறார். இரண்டே வருடத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும், பிடிபட்டவர்கள் வீடு திரும்புவார்கள் என்கிறார். எரேமியாவின் கழுத்தில் இருந்த மர நுகத்தைப் பிடுங்கி உடைக்கிறார். கூட்டத்துக்கு எவ்வளவு உற்சாகமாக இருந்திருக்கும்! எரேமியாகூட முதலில் ஆமென், அப்படியே ஆகட்டும் என்கிறார். அவருக்கும் அது நடக்கவேண்டும் என்ற ஆசைதான். ஆனால் அது பொய் என்று அவருக்குத் தெரியும். இளைஞர்களை உற்சாகப்படுத்தும் இன்றைய பிரசங்கங்களில் முக்கால்வாசி எரேமியாவின் வசனத்தை வைத்துக்கொண்டு அனனியாவின் செய்தியைச் சொல்பவை. சீக்கிரம், சுலபம், உனக்கு மட்டும்.

*

இந்த உற்சாக மொழி செய்யும் முதல் கெடுதல், மனிதர்கள் செய்ததைக் கடவுள் தலையில் போடுவது.

"கர்த்தர் அடைத்த கதவு." எந்தக் கதவு? இந்நாட்டில் அரசாங்க மெட்ரிகுலேஷன் கல்லூரிகளில் 90 விழுக்காட்டு இடம் பூமிபுத்ராக்களுக்கு, மீதி 10 விழுக்காடு மற்ற எல்லோருக்கும். 2019இல் மொத்த இடங்களை 25,000இலிருந்து 40,000 ஆக உயர்த்தியபோதும் அந்த விகிதத்தைத் தொடவில்லை. இந்திய மாணவர்களுக்கு 1,500 இடம், பிறகு 2,200 இடம் என்பதெல்லாம் தேர்தல் காலத்துப் பேச்சிலும் அமைச்சரவை மேசையிலும் முடிவானவை. 2024இல் எஸ்.பி.எம். தேர்வில் 10ஏ-வும் அதற்கு மேலும் எடுத்த எல்லோருக்கும் இன வேறுபாடின்றி மெட்ரிகுலேஷன் என்று பிரதமர் அன்வார் அறிவித்தார். நல்லது. அப்போது அந்தக் கதவைத் திறந்தது யார்? வருடக்கணக்காகக் கத்தியவர்கள், மனு எழுதியவர்கள், நாடாளுமன்றத்தில் கேட்டவர்கள். ஆறு ஏ, ஏழு ஏ எடுக்கும் பிள்ளைகளுக்கு அது இன்னும் முழுசாகத் திறக்கவில்லை. அவர்களைக் கூப்பிட்டு, கடவுளின் சித்தம் வேறு என்று சொன்னால், கொள்கை வகுத்தவனுக்கு அதைவிட வசதியான பிரசங்கம் உண்டா?

இரண்டாவது கெடுதல், கைகொடுக்க வேண்டிய பெரியவர்களுக்கு விடுதலை கொடுப்பது. "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று ஒரு பையனிடம் சொன்னதும் சொன்னவரின் வேலை முடிந்துவிடுகிறது. பி.டி.பி.டி.என். கடன் எப்படி வாங்குவது, எப்படிக் கட்டுவது, பாலிடெக்னிக்கில் எந்தத் துறைக்கு வேலை இருக்கிறது, நேர்முகத் தேர்வில் எப்படி உட்காருவது, இதெல்லாம் சொல்ல நேரம் வேண்டும், தகவல் வேண்டும். வசனம் சொல்ல அரை நிமிடம் போதும்.

மூன்றாவது, தோற்றவனை இரண்டு முறை தோற்கடிப்பது. முதலில் இடம் கிடைக்கவில்லை. அடுத்து, அவன் விசுவாசத்தில் எங்கோ ஓட்டை என்று ஆகிறது. யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். மேடையில் என்னைப் போன்றவர்களின் சாட்சிகள் வரிசையாக வரும்போது அவனே முடிவு செய்துகொள்வான். ஒரு இயந்திரம் எத்தனை முறை ஓடியது என்று மட்டும் எழுதி, எத்தனை முறை நின்றது என்று எழுதாத பதிவேட்டை என் மேலாளரிடம் நீட்டினால் என் முகத்திலேயே விட்டெறிவார். சபையில் அப்படிப்பட்ட பதிவேட்டுக்குச் சாட்சி என்று பெயர்.

*

எனக்கு வரும் பதில்கள் தெரியும். "நீ படிச்சு மேல வந்துட்ட, இப்ப விசுவாசத்தக் கேலி பண்ற." இல்லை. நான் இன்னும் ஞாயிற்றுக்கிழமை அதே பெஞ்சில்தான் உட்காருகிறேன். "நம்பிக்கை இல்லாமல் இளைஞர்கள் எப்படி வாழ்வார்கள்?" சரியான கேள்வி. இருபது வயதில் நாலாபக்கமும் இருட்டாக இருக்கும்போது, உன்னைக் கைவிடாத ஒருவர் இருக்கிறார் என்ற சொல் ஒருவனை உயிரோடு வைத்திருக்கும். அதை நான் மறுக்கவே மாட்டேன்.

தமிழ்க் கிறிஸ்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சாட்சி ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 'இயேசு அழைக்கிறார்' ஊழியத்தைத் தொடங்கிய டி.ஜி.எஸ். தினகரன், 1950களில் வேலை கிடைக்காத விரக்தியில் ரயில் தண்டவாளத்தில் உயிரை விடப் புறப்பட்டவர். வழியில் அவருடைய சித்தப்பா முறையான ஒருவர் நிறுத்திப் பேசினார் என்று அவரே சாட்சி சொல்லியிருக்கிறார். பிறகு வங்கியில் வேலை பார்த்தார். 1986இல் கோயம்புத்தூரில் காருண்யா பொறியியல் கல்லூரியும் வந்தது. இந்தச் சாட்சியைக் கேட்பவர்கள் தரிசனத்தை நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். வழியில் நிறுத்திய சொந்தக்காரரை மறந்துவிடுகிறார்கள். ஜெபத்தால் எல்லாம் நடக்கும் என்று ஊர் ஊராகச் சொன்னவரும் பொறியாளர்களை உருவாக்கக் கட்டடமும் ஆய்வுக்கூடமும் வேண்டும் என்று தெரிந்துதான் கட்டினார். அதே ஊழியத்தில் பிள்ளைகளின் பெயரில் காணிக்கை செலுத்திச் சேர்க்கும் இளம் பங்காளர் திட்டமும் இருக்கிறது. படிப்புக்கும் எதிர்காலத்துக்கும் ஜெபிப்பார்கள். எனக்குத் தெரிந்து மலேசியத் தமிழ் வீடுகளிலும் அதில் சேர்ந்தவர்கள் உண்டு. கல்லூரி கட்டியதைப் பின்பற்றுவது கஷ்டம், காணிக்கை கட்டுவது சுலபம். நாம் எதை எடுத்துக்கொண்டோம் என்று பாருங்கள்.

நம் ஊருக்கே வருவோம். ஈப்போவுக்கு வந்த மெதடிஸ்ட் பாதிரியார் ஹார்லி 1895இல் ஆங்கிலோ சைனீஸ் பள்ளியைத் தொடங்கினார். இந்த ஊர்ப் பிள்ளைகளின் எதிர்காலத்தைக் கடவுளிடம் ஒப்படைப்பது என்றால் அவருக்கு வகுப்பறை என்று அர்த்தம். அந்தப் பள்ளி இன்றும் இருக்கிறது.

என் தாத்தா கோப்பேங் பக்கம் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், கிறிஸ்தவர். சுதந்திரத்தை ஒட்டிய வருடங்களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு போட, பரம்பரையாக அங்கேயே இருந்தவர்கள் லயத்தையும் வேலையையும் சேர்த்து இழந்தார்கள். அப்போது சுங்கை சிப்புட்காரரான துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கு நூறு வெள்ளி. மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களைச் சேர்த்தார்கள். முதலில் வாங்கியது கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம். அதோடு எல்லாப் பிரச்சினையும் தீர்ந்துவிடவில்லை, தோட்டங்களை விட்டு நம் ஆட்கள் வெளியேறியதும் நிற்கவில்லை. ஆனால் கையில் ஒன்றுமில்லாதவர்கள் சேர்ந்து தோட்டங்களை வாங்கினார்கள். அது நடந்தது.

தாத்தாவும் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டினார். அந்தப் பங்குப் பத்திரத்தை அவர் பைபிளுக்குள்தான் வைத்திருந்தார். ஏன் அங்கே என்று சின்ன வயதில் கேட்டபோது, "கரையான் அரிக்காத எடம் வீட்டுல அது ஒன்னுதான். தெனம் தொறக்கிறமில்ல" என்றார். அவர் ஒரு தடவைகூட என்னிடம், கர்த்தரிடம் விட்டுவிடு என்று சொன்னதில்லை. ராத்திரி ஜெபம் செய்வார். மாதம் பிறந்தால் பத்து வெள்ளி கட்டுவார்.

இதுவும் எரேமியாவில் இருக்கிறது. 32ஆம் அதிகாரம். எருசலேமைப் பகைவர் முற்றுகையிட்டிருக்கிறார்கள். எரேமியா காவலில் கிடக்கிறார். நகரம் விழப்போகிறது என்று அவருக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். அந்த நேரத்தில் ஆனதோத் ஊரில் ஒரு நிலம் வாங்குகிறார். பதினேழு சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். பத்திரம் எழுதுகிறார். சாட்சிகள் கையெழுத்துப் போடுகிறார்கள். முத்திரை போட்டது ஒன்று, திறந்தது ஒன்று. இரண்டையும் மண்பாண்டத்தில் போட்டுப் பல நாள் கெடாமல் வைக்கச் சொல்கிறார். எதிர்காலத்தைக் கடவுளிடம் ஒப்படைப்பது எப்படி என்று அந்த மனிதரிடம் கேட்டிருந்தால் இதைத்தான் காட்டியிருப்பார்: விலை, தேதி, கையெழுத்து, நகல். வாலிபர் கூட்டத்தில் இந்த அதிகாரத்தை யாராவது எடுத்து நான் கேட்டதில்லை. தானியேலைப் பற்றி நூறு முறை கேட்டிருக்கிறேன். அதிலும் சிங்கக் கெபிதான். பாபிலோனில் அவன் மூன்று வருடம் அந்நிய எழுத்தும் மொழியும் படித்த முதல் அதிகாரத்தை வேகமாகத் தாண்டிவிடுவார்கள்.

*

ஆகவே சபைப் பெரியவர்களுக்கு, பாஸ்டர்களுக்கு, வாலிபர் கூட்டம் நடத்தும் அண்ணன் அக்காக்களுக்கு.

அட்டைத் தட்டு இருக்கட்டும். அதன் பக்கத்தில் ஒரு மேசை போடுங்கள். தேர்வு முடிவு வரும் வாரத்திலும் மேல்முறையீட்டு நாள்களிலும் அந்த மேசையில் மடிக்கணினியோடு இரண்டு பட்டதாரிகள் உட்காரட்டும். பாரம் நிரப்பிக் கொடுக்கட்டும். கிறிஸ்தவப் பிள்ளை, இந்துப் பிள்ளை என்று பார்க்காதீர்கள். என்னைக் கரையேற்றிய டீச்சர் பார்க்கவில்லை. படிப்பு வேண்டாம் என்று வேலைக்குப் போகிறவனுக்குச் சம்பளச் சீட்டு என்றால் என்ன, இ.பி.எஃப்., சொக்சோ பிடித்தமெல்லாம் ஒழுங்காகக் கட்டுகிறார்களா என்று பார்க்கச் சொல்லிக் கொடுங்கள்.

உபவாசம் இருங்கள். ஆனால் உபவாச அறிவிப்பின் கீழேயே மேல்முறையீட்டுக் கடைசித் தேதியையும் எழுதுங்கள்.

சாட்சி நேரத்தில் கிடைக்காதவனுக்கும் மைக் கொடுங்கள். அவன் பேசி முடித்ததும் அவசரமாக ஒரு வசனம் சொல்லி அவன் வாயை அடைக்காதீர்கள்.

என்னைப் போல எப்படியோ தப்பி வந்தவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நமக்குக் கதவைத் திறந்துவிட்டவர்களின் பெயரை மேடையில் சொல்லுவோம். அது கடவுளின் மகிமையைக் குறைத்துவிடும் என்று பயப்படாதீர்கள். அவ்வளவு சின்ன மகிமையை வைத்துக்கொண்டு அவர் உலகத்தைப் படைத்திருக்க மாட்டார்.

நண்பனுக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. பகுதிநேரமாக டிப்ளோமா படிக்கலாமா என்று யோசிக்கிறான். போன வாரம் விண்ணப்பத்தைத் திறந்து இரண்டு பேரும் உட்கார்ந்தோம். பாதியில் இணையத் தொடர்பு போய்விட்டது. வரும் சனிக்கிழமை அவனுக்கு லாரி இல்லை, எனக்கும் ஷிப்ட் இல்லை. மறுபடியும் உட்காருகிறோம்.